கைப்பேசியின் கேள்விக்குப் பதில் சொல்வது யார்?

மாணவர்களே, முகவரி மாறினால் என்ன ஆகும் என்பது டெங்கில் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் முன்பு தோட்டங்கள் இருந்தன. பிராங் புசார், செட்ஜ்லி, மேடிங்லி, கேலவே ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆட்கள் அவர்களேதான், பெயர்களும் அவைதான். மாறியது முகவரி மட்டுமே. அவர்களைத் தேடி வருகிறவருக்கு, "இன்னார் இப்போது இந்த இடத்தில் இருக்கிறார்" என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்பவர் தவறாகச் சொன்னால், தேடி வந்தவர் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார்.

இணையத்தில் இந்த வேலையைச் செய்வது டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறை. நாம் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். கணினிகளோ எண்களைக் கொண்டுதான் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தருவது டி.என்.எஸ். உங்கள் அப்பாவோ அம்மாவோ அலுவலக மின்னஞ்சலைக் கைப்பேசியில் திறக்கும் ஒவ்வொரு முறையும், கைப்பேசி முதலில் கேட்கும் கேள்வி "இந்தப் பெயருக்கு முகவரி என்ன?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பது கேட்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அலுவலகத்தில் மின்னஞ்சலைச் சரியாக அமைப்பதற்கும் இதே விதிதான், நாட்டின் இணையக் கொள்கைக்கும் இதே விதிதான்.

வலமிருந்து இடமாகப் படியுங்கள்

இணையத்தின் தொடக்க நாள்களில் கணினிகள் சில நூறுதான் இருந்தன. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் கோப்பைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் இந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் ஒரு புதிய முறையை வகுத்தார். பட்டியல் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காமல், பெயரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளரை வைப்பதுதான் அதன் அடிப்படை.

உங்கள் டெலிமா மின்னஞ்சல் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அது 'எடு', 'மை' என்ற இரு துண்டுகளில் முடியும். டி.என்.எஸ். அதை வலமிருந்து இடமாகப் படிக்கும். முதலில் வேர் சர்வர்களிடம் கேள்வி போகும். உலகம் முழுவதற்கும் இவை 13 பெயர்களில் இயங்குகின்றன. "மை என்று முடியும் பெயர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டால், அவை மலேசியாவின் பெயர்ப் பதிவை நடத்தும் மைநிக் நிறுவனத்தின் சர்வர்களைக் காட்டும். அந்தச் சர்வர்கள் அடுத்த பொறுப்பாளரைக் காட்டும். கடைசியில், அந்தப் பெயரைப் பதிவுசெய்து வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வர் எண்ணைச் சொல்லும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த அலைச்சலைக் கைப்பேசி தானே செய்வதில்லை. அதற்காக ஒரு டி.என்.எஸ். சர்வரை நம்பியிருக்கிறது. வழக்கமாக, நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையோ தொலைத்தொடர்பு நிறுவனமோ அதை அமைத்துத் தரும். அந்தச் சர்வர் கிடைத்த பதிலைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதைப் பெயரின் உரிமையாளரே நொடிக்கணக்கில் குறித்து வைக்கிறார். 3600 என்று குறித்தால் ஒரு மணி நேரம். ஒரு நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவு தன் மின்னஞ்சல் சர்வரை மாற்றினால், சிலருடைய கைப்பேசி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பழைய முகவரிக்கே போவதற்குக் காரணம் இதுதான். விவரம் தெரிந்த நிர்வாகி சில நாள்களுக்கு முன்பே அந்த எண்ணை 300 நொடிக்குக் குறைத்துவிடுவார்.

மின்னஞ்சலுக்கு இரண்டு கேள்விகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். "இந்த நிறுவனத்துக்கு வரும் அஞ்சலை எந்த சர்வரில் சேர்ப்பது?" என்று அனுப்புகிறவரின் சர்வர் கேட்கும். அதற்கான பதில் எம்.எக்ஸ். எனும் பதிவில் இருக்கும். "என் அஞ்சல் பெட்டி உள்ள சர்வரின் எண் என்ன?" என்று உங்கள் கைப்பேசி கேட்கும். அது வேறு பதிவு. முதல் பதில் சரியாக இருந்து இரண்டாவது தவறாக இருந்தால், அஞ்சல் அலுவலகத்துக்கு ஒழுங்காக வந்து சேரும். கைப்பேசியில் மட்டும் தெரியாது.

அலுவலகத்தில் வருகிறது, சாலையில் வரவில்லை

டெங்கிலில் ஒரு லாரி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மின்னஞ்சல் சர்வரைத் தன் அலுவலகத்திலேயே வைத்திருக்கிறது. அலுவலக வைஃபையில் இருக்கும்போது எல்லாருடைய கைப்பேசியிலும் மின்னஞ்சல் வருகிறது. லாரி கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்பட்டு, கைப்பேசி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் கைப்பேசியைக் குறை சொல்கிறார். கடைக்காரர் சிம் அட்டையைக் குறை சொல்கிறார்.

உண்மையான காரணம் வேறு. அலுவலகத்துக்குள் அந்த சர்வரின் எண் 192.168.1.20 என்று இருக்கலாம். 192.168 என்று தொடங்கும் எண்கள் உள்ளூர்ப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொரு கட்டடத்திலும் 'மூன்றாம் மாடி, இரண்டாம் கதவு' இருப்பது போல, ஒவ்வொரு வீட்டிலும் அலுவலகத்திலும் இந்த எண்கள் இருக்கும். வெளியிலிருந்து அந்த எண்ணை வைத்து யாரும் அலுவலகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியே இருக்கிறவருக்கு வேறொரு பொது எண் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். பெயரை எடுத்துவிட்டுக் கைப்பேசியில் நேரடியாக எண்ணை எழுதிவிடுகிறார்கள். இது வேலை செய்வது போலத் தெரிந்தாலும் தவறான பழக்கம். உள் எண்ணை எழுதினால் வெளியே வேலை செய்யாது. அதைவிட மோசம், உங்கள் வீட்டில் 192.168.1.20 என்ற எண் தொலைக்காட்சிக்கோ அச்சுப்பொறிக்கோ கொடுக்கப்பட்டிருக்கலாம். கைப்பேசி அதன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பொது எண்ணை எழுதினால், இணைய நிறுவனம் அந்த எண்ணை மாற்றும் நாளில் எல்லாக் கைப்பேசிகளிலும் ஒன்றுவிடாமல் திருத்த வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மின்னஞ்சல் சர்வர் தன்னை அடையாளம் காட்ட ஒரு பாதுகாப்புச் சான்றிதழை நீட்டும். அந்தச் சான்றிதழ் பொதுவாகப் பெயருக்கு வழங்கப்படுவது. எண்ணைக் கொண்டு போனால், "சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தவில்லை" என்று கைப்பேசி எச்சரிக்கும். வேலை நடந்தால் போதும் என்று மக்கள் 'தொடர்க' என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் அப்படிப் பழகியவர், மாமாக் கடையின் வைஃபையில் ஒரு போலி சர்வர் குறுக்கே வந்து அதே எச்சரிக்கை தோன்றும்போதும் அதையேதான் தொடுவார். கடவுச்சொல் கைமாறிவிடும். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத பழக்கத்தை நாமே பழக்கிவிட்ட பிறகு, மோசடிக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன?

சரியான வழி எளிது. கைப்பேசியில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு நிறுவனம் இரண்டு பதில்களை வைக்க வேண்டும். அலுவலகத்துக்குள் இருந்து கேட்டால் உள் எண், வெளியிலிருந்து கேட்டால் பொது எண். கைப்பேசி எங்கே போனாலும் பெயர் மாறாது, சான்றிதழும் பொருந்தும். அமைத்து முடித்ததும் வைஃபையில் ஒரு முறை, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒரு முறை சோதித்துப் பார்த்தால் போதும்.

"ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் அது பொய் இல்லையா ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால், அது நல்ல கேள்வி. பொய் இல்லை. இரண்டு பதில்களும் ஒரே சர்வரிடம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதைவிட முக்கியம், இரண்டையும் சொல்வது பெயரின் உரிமையாளர். தன் வீட்டுக்கு முன்வாசல் எது, பின்வாசல் எது என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் நடந்த ஒரு விவாதத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

2024 செப்டம்பரில் நடந்தது

சைபர்ஜெயா நகரம் டெங்கில் முக்கிமைச் சேர்ந்தது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆணையம் 2024இல் இணைய வழங்குநர்களுக்கு ஓர் உத்தரவிட்டது. வாடிக்கையாளர்களில் சிலர் தங்கள் வழங்குநரின் டி.என்.எஸ். சர்வரை விட்டுவிட்டு, கூகிள், கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களின் பொது டி.என்.எஸ். சர்வர்களைப் பயன்படுத்தி வந்தார்கள். 2009இல் தொடங்கிய கூகிளின் சர்வர் 8.8.8.8 என்ற எண்ணாலும், 2018இல் தொடங்கிய கிளவுட்ஃபிளேரின் சர்வர் 1.1.1.1 என்ற எண்ணாலும் அறியப்படுபவை. அந்தச் சர்வர்களுக்குப் போகும் கேள்விகளை வழங்குநர்கள் தங்கள் சொந்தச் சர்வர்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதே உத்தரவு. செப்டம்பர் 30 அதற்கான கெடு.

செப்டம்பர் முதல் வாரத்தில் செய்தி வெளியானது. பயனர்களும் தொழில்நுட்பத் துறையினரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி, தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார்.

ஆணையத்தின் நோக்கத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி வரை 24,277 அகப்பக்கங்களை முடக்கியதாக அது அறிவித்தது. அவற்றில் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம். சூதாட்டம் எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைத் தின்றிருக்கிறது என்பது நம் சமூகத்துக்குத் தெரியும். பொது டி.என்.எஸ். சர்வருக்கு மாறினால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம் என்பதால் அந்தக் கதவை அடைக்க நினைத்தார்கள். அது நியாயமான கவலை.

வழிமுறைதான் எனக்கு உடன்பாடில்லாதது. சாதாரண டி.என்.எஸ். கேள்வி, உறையில் போடாத அஞ்சலட்டை போலத் திறந்தே போகிறது. வழியில் இருப்பவர் அதைப் படிக்கலாம், வேறு இடத்துக்கு மாற்றியும் விடலாம். நீங்கள் ஒருவரிடம் கேட்கிறீர்கள். பதில் சொல்வது இன்னொருவர். ஆனால் நீங்கள் கேட்டவரே சொன்னது போல அந்தப் பதில் வந்து சேர்கிறது. லாரி நிறுவனத்தில் இரண்டு பதில் சொன்னவர் பெயரின் உரிமையாளர். இங்கே பதிலை மாற்றக்கூடியவர் பெயரின் உரிமையாளரும் அல்லர், கேட்டவர் தேர்ந்தெடுத்தவரும் அல்லர். இன்று சூதாட்டப் பக்கத்தை மறைக்கப் பயன்படும் அதே ஏற்பாடு, தவறுதலாகவோ வேண்டுமென்றோ வேறு எந்தப் பெயருக்கும் வேறு பதில் சொல்ல முடியும். கேட்டவருக்கு அது தெரியவே வராது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. டி.என்.எஸ். கேள்வியைத் திருப்பிவிடுவதால் மட்டும் உங்கள் மின்னஞ்சலின் உள்ளடக்கத்தை யாரும் படித்துவிட முடியாது. சான்றிதழும் மறைகுறியாக்கமும் அதைக் காக்கின்றன. நீங்கள் எந்தெந்தப் பெயர்களைத் தேடுகிறீர்கள் என்பது தெரியவரும், தேடிய இடத்துக்குப் போக முடியாமலும் செய்யலாம். ஆனால் எச்சரிக்கை வந்தாலும் 'தொடர்க' என்று தொடப் பழகியவருக்கு அந்தக் காப்பும் இல்லை. குறுக்கு வழியை நான் இவ்வளவு வலியுறுத்தி எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறையில் போட்டாலும் கவனம் வேண்டும்

அஞ்சலட்டையை உறையில் போடும் வழியும் வந்துவிட்டது. 2018இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 முதல், கைப்பேசி அமைப்பில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற பகுதி இருக்கிறது. அதில் நம்பகமான ஒரு சர்வரின் பெயரை எழுதினால், கேள்விகள் மறைகுறியாக்கப்பட்டுப் போகும். வழியில் இருப்பவர் படிக்கவும் முடியாது, பிறர் பெயரில் பதில் சொல்லவும் முடியாது.

ஆனால் இதை அமைத்தவுடன் சிலருக்கு அலுவலக மின்னஞ்சல் நின்றுபோகிறது. இப்போது உங்களுக்கே காரணம் புரியும். கைப்பேசி அலுவலகத்தின் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்காமல், வெளியே உள்ள சர்வரிடம் கேட்கிறது. நிறுவனம் அந்தப் பெயரை உள்ளே மட்டும் பதிவுசெய்திருந்தால், வெளியே யாருக்கும் அது தெரியாது. "பிரைவேட் டி.என்.எஸ்.ஐ அணைத்துவிடு" என்று சொல்வது ஒரு தீர்வு. பெயருக்கு வெளியிலும் ஒரு முறையான பதிலை வைப்பது சிறந்த தீர்வு. ஊழியரின் பாதுகாப்பைக் குறைக்காமல் நிறுவனம் தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும்.

பெயர்ப் பதிவு நின்றால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4ஆம் தேதி உலகம் பார்த்தது. பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த பிழையால், ஃபேஸ்புக் நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழி இணையத்திலிருந்து மறைந்தது. நமக்கு நள்ளிரவு நெருங்கும் நேரம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன. கோளாற்றைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் அலுவலகக் கருவிகள் பலவும் அதே பெயர்களை நம்பியிருந்ததால், அவையும் வேலை செய்யவில்லை. கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்கே இருக்கின்றன என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளி வைஃபையில் சில பக்கங்களைத் தடுப்பது சரியே. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் வடிகட்டும் டி.என்.எஸ். சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம். கிளவுட்ஃபிளேர் 2020இல் தொடங்கிய 1.1.1.3 அத்தகையது, ஆபாசப் பக்கங்களையும் தீங்கிழைக்கும் பக்கங்களையும் அது தடுக்கிறது. இங்கெல்லாம் தேர்வு வெளிப்படையானது. யார் தடுக்கிறார், எதைத் தடுக்கிறார், யாரிடம் முறையிடுவது என்பது தெரியும். அரசாங்கம் தடுக்கும்போதும் அதே வெளிப்படைத்தன்மை வேண்டும். தடுக்கப்பட்ட பக்கத்துக்குப் போனால் "இது தடுக்கப்பட்டது, காரணம் இது" என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேறொருவர் குரலில் பதில் சொல்லக்கூடாது.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பள்ளிக் கணினிக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'என்எஸ்லுக்அப்' என்ற கட்டளையையும் ஓர் அகப்பக்கத்தின் பெயரையும் ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். முதலில் எந்த சர்வர் பதில் சொல்கிறது என்று காட்டும், பிறகு பதிலைக் காட்டும். அதே பெயரை வீட்டிலும் கேட்டு, இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுங்கள். எண்கள் வேறுபட்டால் உடனே யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். பெரிய நிறுவனங்கள் பல ஊர்களில் சர்வர்களை வைத்து, அருகில் உள்ளதைக் காட்டும். வேறுபாடு ஏன் வந்தது என்று தேடுவதுதான் அறிவியல்.

வீட்டில் யாருக்காவது அலுவலக மின்னஞ்சல் கைப்பேசியில் வரவில்லை என்றால், மூன்று கேள்விகள் கேளுங்கள். வைஃபையில் வருகிறதா, மொபைல் டேட்டாவில் வருகிறதா? சர்வர் என்ற இடத்தில் பெயர் இருக்கிறதா, எண் இருக்கிறதா? பிரைவேட் டி.என்.எஸ். பகுதியில் ஏதாவது எழுதியிருக்கிறதா? விடைகளைக் குறித்துக்கொடுத்து, அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் காட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், யாருக்கும் சொல்லாதீர்கள்.

"இதெல்லாம் எஸ்.பி.எம். தேர்வில் வருமா?" என்று கேட்பீர்கள். தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். உங்கள் கைப்பேசியோ தினமும் பலநூறு முறை முகவரி கேட்கும் கருவி. அடுத்த முறை இப்படி ஓர் உத்தரவு வந்தால், ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யும் வயதில் இருப்பீர்கள். அப்போது "பதில் சொல்வது யார்?" என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.